மாடியில் சும்மா கிடக்கும் டிஷ்: மாதக் கட்டணமில்லாமல் டிவி பார்க்கலாமா?

கேள்வி: "எங்கள் வீட்டு மாடியில் ஒரு டிடிஎச் டிஷ் இருக்கிறது. ரீசார்ஜ் செய்வதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் செல்போனில் பார்த்துக்கொள்கிறோம். மாமனாருக்கு 78 வயது. செல்போன் பழக்கமில்லை, கண்ணும் மங்கல். திண்ணையில் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். மாதாமாதம் 250, 300 கட்ட எங்களால் முடியவில்லை. அந்தப் பழைய டிஷ்ஷை வைத்தே இலவசமாக டிவி பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா? கொல்லையில் பெரிய வலை டிஷ் ஒன்றும் கிடக்கிறது. அது உதவுமா?" (ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: உண்மைதான் அம்மா. பயிர்க் கேள்விக்கான பக்கத்தில் டிவி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு விவசாயக் குடும்பத்தின் மாதச் செலவில் 250 ரூபாய் என்பது ஆண்டுக்கு 3000 ரூபாய். ஒரு பட்டத்து உரச் செலவில் ஒரு பங்கு அது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

இந்த இலவச சேவைக்குப் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். பிரசார் பாரதி நடத்துவது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. ஒருமுறை பெட்டி வாங்கும் செலவோடு சரி.

முதலில் எது வரும், எது வராது

வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய தனியார் தமிழ் சேனல்களின் தொடர்களும் புதுப் படங்களும் இதில் வராது. சேனல்களில் பெரும்பகுதி இந்தி. தனியார் சேனல்களுக்கு ஏலம் விட்டு இடம் கொடுப்பதால், இன்று இருக்கும் சேனல் அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம், புதிதாகவும் வரலாம்.

நமக்கு உதவுவது டிடி தமிழ். முன்பு பொதிகை என்று இருந்ததுதான் 2024 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது. செய்தி, பழைய படம், பாட்டு எல்லாம் வரும். விவசாயிகளுக்கென்றே 2015 மே மாதம் தொடங்கிய டிடி கிசான் உண்டு. அது பெரும்பாலும் இந்தியில். பள்ளிப் பாடச் சேனல்களும் வருகின்றன. இவற்றோடு ஆகாசவாணியின் வானொலிச் சேனல்களும் இதே பெட்டியில் கேட்கும். கண் மங்கிய உங்கள் மாமனாருக்குப் படத்தைவிட இந்த வானொலிதான் பெரிய துணையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் தொடர் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் இருந்தால், அவர்களையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இலவசம் என்று மாற்றிவிட்டு, மறு மாதமே பழைய ரீசார்ஜுக்குத் திரும்பினால் பெட்டி வாங்கிய காசு வீண்.

எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது

டிஷ் தட்டு, அதைத் தாங்கும் குழாய், கேபிள் இந்த மூன்றும் நன்றாக இருந்தால் அப்படியே உதவும். வாடகைத் திட்டத்தில் வந்த டிஷ் என்றால் அது கம்பெனியின் பொருள். பழைய ரசீதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பழைய கம்பெனி பாக்ஸ் அந்தக் கம்பெனியின் ஒளிபரப்புக்கு மட்டுமே பூட்டப்பட்டிருக்கும். அதனால் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்று வாங்க வேண்டும். டவுன் எலக்ட்ரிக்கல் கடைகளில் சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எம்பெக்-4 பாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். சில சேனல்கள் எம்பெக்-2 முறையிலும் சில எம்பெக்-4 முறையிலும் வருகின்றன. எம்பெக்-4 பாக்ஸில் இரண்டும் தெரியும். பழைய எம்பெக்-2 பாக்ஸில் பாதிதான் தெரியும்.

2006-லிருந்து அரசு இலவசமாகக் கொடுத்த வண்ண டிவி இன்னும் வேலை செய்கிறது என்றால் அதுவே போதும். பாக்ஸில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயர் செருகும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டிஷ் தட்டைச் சோதிப்பது

மாடிக்குப் போய் நான்கு இடங்களைப் பாருங்கள்.

1. தட்டு: விளிம்பில் லேசான துரு பரவாயில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே மங்கலான பெயிண்ட் ஒரு கோட் போதும். பளபளப்பான பெயிண்டும் வெள்ளி பெயிண்டும் வேண்டாம். அவை வெயிலைக் குவித்து முன்னால் இருக்கும் எல்என்பியைச் சூடாக்கும். தட்டு நசுங்கி வளைந்திருந்தால் அது உதவாது.

2. எல்என்பி: தட்டுக்கு எதிரே கையில் பொருத்தியிருக்கும் சிறிய தலை. அதன் முன்மூடி உடைந்திருந்தால் மழைநீர் புகுந்திருக்கும். குளவி கூடு கட்டியிருக்கும். மாற்றிவிடுங்கள். உடையாமல், மேலே 9750/10600 என்று அச்சிட்டிருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

3. கேபிள் முனை: நடுவிலிருக்கும் கம்பி பச்சை பூத்திருந்தால் ஒரு சாண் வெட்டிவிட்டு, புது கனெக்டர் போடுங்கள். வெட்டிய பிறகும் உள்ளே பச்சையாகவே இருந்தால் கேபிளை மாற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

4. குழாய்: நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் சிக்னல் சரியாக வராது.

அக்னி மூலையைப் பார்க்கட்டும்

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. திசைகாட்டியில் வடக்கிலிருந்து எண்ணினால் சென்னையில் சுமார் 134 டிகிரி, திருச்சியில் 125, கோயம்புத்தூரில் 123, கன்னியாகுமரியில் 116. செல்போனில் திசைகாட்டி பார்க்கும்போது இரும்புக் குழாயை விட்டு நான்கடி தள்ளி நில்லுங்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் தவறாகக் காட்டும்.

உயரம் 66 முதல் 70 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட உச்சி வானம். ஆனால் தட்டு அவ்வளவு நிமிர்ந்து படுத்தது போலத் தெரியாது. டிடிஎச் தட்டின் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால், தட்டின் முகம் காட்டுவதைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே அது பார்க்கும். பக்கவாட்டில் இருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்து வையுங்கள்.

பழைய கம்பெனிகளின் டிஷ் வேறு வேறு செயற்கைக்கோளைப் பார்த்தவை. சில 83 டிகிரி, சில 88, சில 95, சில 108.2. முன்பு 95-ஐப் பார்த்த தட்டை ஒரு துளி தெற்கே திருப்பினால் போதும். 83-ஐயோ 88-ஐயோ பார்த்தது என்றால் கிழக்குப் பக்கம் திருப்ப வேண்டும். 108.2 என்றால் தெற்குப் பக்கம் நன்றாகத் திருப்ப வேண்டும்.

தென்னை மறைக்கிறதா?

டிஷ் வைத்தபோது கன்றாக இருந்த மரம் இப்போது வளர்ந்திருக்கும். ஆனாலும் மரத்தை வெட்டும் யோசனைக்கு அவசரப்பட வேண்டாம். செயற்கைக்கோள் உயரத்தில் இருப்பதால், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம் தென்கிழக்கில் 4 மீட்டருக்கு உள்ளே நின்றால்தான் மறைக்கும். அதற்கு அப்பால் இருந்தால் தொல்லை இல்லை. மறைத்தாலும் காய்க்கிற மரத்துக்காக டிஷ்ஷை நான்கு அடி தள்ளி வைப்பது சுலபம்.

சிக்னல் பிடிப்பது

இருவர் வேண்டும். ஒருவர் மாடியில், ஒருவர் டிவி முன்னால், நடுவில் செல்போன். பாக்ஸின் மெனுவில் எல்என்பி 9750/10600 என்று வையுங்கள். அலைவரிசை 11090, போலரைசேஷன் வெர்டிகல், சிம்பல் ரேட் 29500.

திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரெங்த் என்ற கோடு தட்டு எங்கே பார்த்தாலும் ஓரளவு காட்டும். அதை நம்ப வேண்டாம். குவாலிட்டி என்ற கோடு ஏறினால்தான் செயற்கைக்கோள் கிடைத்தது என்று பொருள். தட்டை ஒரு விரற்கடை திருப்புங்கள், நான்கு விநாடி பொறுங்கள். பாக்ஸ் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். இடவலம் முடிந்ததும் மேல்கீழ், அதன் பின் எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நம் பகுதியில் எல்என்பி நேராக நின்றால் சரிவராது, நன்றாகச் சாய்ந்த நிலையில்தான் குவாலிட்டி கூடும். போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் தட்டு நகர்ந்துவிடும்.

பிறகு சேனல்களைத் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் டிடி சேனல்களின் பெயர்கள் வந்தால் சரியான இடம். வேறு பெயர்களாகவே வந்தால் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

உயிருக்கு உறுதி

மாடிக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். நீளமான இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது கம்பியில் பட்டால் பிழைப்பது கடினம். பக்கத்தில் கம்பி இருந்தால் இந்த வேலையை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஈரமான மாடியிலும் காற்றடிக்கும்போதும் ஏற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பாக்ஸின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் தட்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். 2018 கஜா புயலைப் பார்த்த உங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கழற்றும் முன் குழாயிலும் பிடியிலும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திரும்ப மாட்டும்போது அதே திசை கிடைக்கும்.

கொல்லையில் கிடக்கும் பெரிய வலை டிஷ்

அந்த எட்டடி டிஷ் சி-பேண்ட் ஒளிபரப்புக்கானது. அதன் அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டர். ஃப்ரீ டிஷ்ஷுக்கான கேயூ-பேண்ட் அலை 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. நெல் சலிக்கும் சல்லடையில் எள்ளைப் போட்டால் நிற்குமா? அதுபோல வலைக்கண் பெரிதாகவும் பரப்பு மேடு பள்ளமாகவும் இருப்பதால் சிறிய அலை அதில் ஒழுங்காகக் குவியாது. சி-பேண்டிலும் இலவசச் சேனல்கள் சில உண்டு. ஆனால் அதற்கு வேறு எல்என்பி, வேறு பாக்ஸ், பெரிய தட்டைத் திருப்பி நிறுத்தும் உழைப்பு எல்லாம் வேண்டும். கிடைக்கும் தமிழ்ச் சேனலைக் கணக்கிட்டால் அந்தச் செலவு தேறாது. சட்டம் உறுதியாக இருந்தால் நான்கு கால் நட்டு மேலே வைத்து அவரை, புடலை ஏற்றிவிடுங்கள். நல்ல பந்தல் அது.

படம் அடிக்கடி உடைந்தால்

கனமழையில் கேயூ-பேண்ட் சிக்னல் குறையும். மழை விட்டதும் தானே வரும். தட்டைத் தொட வேண்டாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போகும். அப்போது சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. பாக்ஸில் பழுது இல்லை. அந்த நாட்களில் அந்த நேரம் மரத்தின் நிழல் டிஷ்மீது விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த மரம்தான் மறைக்கிறது. நிழல் இல்லையென்றால் வழி திறந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கு இது: பெட்டிக்குச் சுமார் 1500, கேபிளும் கனெக்டரும் கொஞ்சம். ஆறேழு மாத ரீசார்ஜ் காசில் அடங்கிவிடும். ஒரு வேண்டுகோள். எல்லாம் பூட்டி முடித்ததும் ரிமோட்டில் டிடி தமிழுக்கும் வானொலிக்கும் எந்த எண் என்று பார்த்து, அந்தப் பொத்தான்களில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிடுங்கள். யாரையும் கூப்பிடாமல் மாமனார் தானே போட்டுக்கொள்ள முடிந்தால்தான் அந்த டிஷ் அவருக்குப் பயன்படும்.

பயிர்ச் சந்தேகம் எதுவானாலும் கட்டணமில்லாத 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இந்தப் பகுதிக்குக் கேள்வி எழுதுவோர் ஊர், மண் வகை, பாசன வசதி மூன்றையும் குறிப்பிட்டு எழுதினால் பதில் சரியாக அமையும்.