சிறு தூரமும் சிறு விமானமும்

அதிராம்பட்டினத்துக்கு எதிரே, கடலுக்கு அப்புறத்தில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் இருக்கிறது. நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். ஆயினும் நம்மூர்ப் பிரயாணி அங்கே பறந்து செல்ல வேண்டுமாயின், பட்டுக்கோட்டை, தஞ்சை மார்க்கமாகத் திருச்சிக்கு அதற்குக் குறையாத தூரம் தரைவழியே போயாக வேண்டும். திருச்சிக்கும் பலாலிக்கும் இண்டிகோ கம்பெனியார் 2025 மார்ச்சில் விமானம் விடத் தொடங்கினர். அது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். "நமக்கு ஜெட் விமானம் கிடையாதா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் கௌரவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கம்பெனிகளோ கணக்கைப் பார்க்கின்றன. அக்கணக்கை நாமும் அறிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, ஓடுபாதை. 2019ல் பலாலி திறக்கப்பட்டபோது அதன் ஓடுபாதை 1,400 மீட்டர். நிறைந்த பாரத்துடன் ஏர்பஸ் 320 கிளம்புவதற்குச் சுமார் 2,000 மீட்டர் வேண்டும். திருச்சியில் எவ்வளவு நீளமிருந்து என்ன? இரு முனைகளில் குறுகியது எதுவோ அதுவே விமானத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, ஜனத்தொகை. ஏ.டி.ஆர். விமானத்தில் 70 முதல் 78 ஆசனங்கள். ஏர்பஸ் விமானத்தில் சுமார் 180. அறுபது பேர் வரும் மார்க்கத்தில் பெரிய விமானம் விட்டால் மூன்றில் இரண்டு பங்கு காலியாகப் பறக்கும்.

மூன்றாவது, எண்ணெயும் நேரமும். ஜெட் விமானம் மிக உயரத்தில் நெடுநேரம் பறந்தால்தான் சிக்கனம். 300 கிலோமீட்டர் பிரயாணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியதாகிறது. விசிறி விமானம் மெதுவானதே. எனினும் இத்தூரத்தில் இழப்பது கால் மணிக்கு மேல் அதிகமில்லை, எண்ணெய்ச் செலவோ வெகுவாகக் குறைகிறது.

நான்காவது, சர்க்கார் விதி. உள்நாட்டுக் கம்பெனிகளின் 80க்குக் குறைந்த ஆசனமுள்ள விமானங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தார் இறங்கு கட்டணத்திலிருந்து விலக்களித்தனர். 78 என்ற எண்ணிக்கையின் சௌகரியம் இப்போது விளங்கும்.

தூரம் மட்டுமே எல்லாவற்றையும் நிச்சயிப்பதுமில்லை. ஜப்பானில் டோக்கியோ நிலையம் நெருக்கடி மிகுந்திருந்த காலத்தில், ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கே 500க்கு மேற்பட்ட ஆசனங்களுள்ள போயிங் 747 விமானங்களை ஓட்டினார்கள். இறங்க இடம் அரிதானால் ஒரே தடவையில் அதிக ஜனங்களை ஏற்றுவதே லாபம். தஞ்சை ஜில்லாவுக்கு அந்த நெருக்கடி இல்லை.

தஞ்சையில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020ல் சுகோய் விமானப் பிரிவும் அங்கே வந்தது. ஆகவே ஓடுபாதை தடையல்ல. முன்னர் வாயுதூத் கம்பெனி சிறு விமானங்களை அங்கே விட்டுப் பார்த்தது. போதிய பிரயாணிகளின்றி அது நிலைக்கவில்லை. சேலத்தில் 2018ல் தொடங்கிய சர்வீஸ் இடையில் நின்று, 2023ல்தான் மீண்டும் ஆரம்பமாயிற்று. 2016ல் வகுத்த உடான் திட்டத்தின் மானியம் ஒரு மார்க்கத்துக்கு மூன்றாண்டே. அதற்குள் ஜனங்கள் பழகாவிட்டால் விமானம் போய்விடும். கட்டடம் மட்டும் நிற்கும்.

ஆதலின் நாம் சொல்வது இதுவே. பெரிய விமானம் வேண்டுமென்று தீர்மானம் போடுவது வீண். அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம் முதலிய ஊர்களின் வர்த்தகர்களும் தேசத் தொண்டர்களும் ஒன்றுகூடி, சென்னைக்கும் கடல் கடந்தும் தினந்தோறும் எத்தனை பேர் போய்வருகின்றனர் என்ற கணக்கைத் திரட்டட்டும். நாள்தோறும், சொன்ன வேளையில், சிறு விமானம் ஒன்று வேண்டுமென்று அக்கணக்கைக் காட்டிக் கேட்கட்டும். வாரம் ஒருமுறை வரும் பெரிய விமானத்தால் நோயாளிக்கோ வியாபாரிக்கோ என்ன பயன்? புள்ளிவிவரத்தோடு கேட்கும் ஜனங்களைச் சர்க்காரும் கம்பெனியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.