ஆறும் தெரிகிறதா?

மதுரைக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் கீழக்குயில்குடி என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊருக்குக் காவல் நிற்பது போன்ற சமணர் மலையையும், அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும், அய்யனார் கோயிலையும், ஆலமரத்தையும் ஒரு தடவை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மலைமேல் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக்களும் இன்னும் இருக்கின்றன. இவையெல்லாம் பகலில் பார்க்க வேண்டியவை. நான் சொல்லப்போவது இரவு நேரத்துச் சமாசாரம்.

தை அமாவாசைக்கு மறுநாள் அந்த ஊரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மதுரையிலிருந்து அவருடைய பேரனும் வந்திருந்தான். பத்து வயதுப் பையன். அவன் வந்தது முதல் கையில் இருந்த தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேரன் வந்திருக்கிறான் என்று பணியாரம் சுட்டு வைத்த பாட்டிக்கு அவனுடைய உச்சந்தலைதான் தரிசனம் கிடைத்தது.

இரவு எட்டு மணி சுமாருக்கு மின்சாரம் நின்றுவிட்டது. சிறிது நேரத்துக்கெல்லாம் பையனுடைய தொலைபேசியும் உயிரை விட்டது. உள்ளே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். திண்ணையில், நண்பரின் தாயார், எண்பத்தைந்து வயதுக் கிழவி, முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள்.

பையன் தற்செயலாகத் தலையை நிமிர்த்தினான். நிமிர்த்திய தலை அப்படியே நின்றுவிட்டது.

“தாத்தா! இத்தனையும் நட்சத்திரமா? எப்போது வந்தது?” என்றான்.

எப்போதும் அங்கேயேதான் இருந்தது என்று சொல்ல நண்பர் வாயெடுத்தார். அதற்குள் கிழவி, “இங்கிட்டு வாய்யா” என்று அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக் கொண்டாள். “அந்தா, உச்சிக்குக் கொஞ்சம் மேற்கால பாரு. திராட்சைக் கொத்து மாதிரி ஒண்ணு இருக்கா? அதுதான் கார்த்திகை. ஆறும் தெரியுதா, எண்ணிச் சொல்லு” என்றாள்.

பையன் எண்ணினான். முதலில் ஐந்து என்றான். பிறகு ஆறு என்றான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “ஏழு கூட இருக்கும் போலிருக்கிறது!” என்று கத்தினான். கிழவியின் விரல் சற்றுக் கிழக்கே நகர்ந்தது. “இந்தச் சிவப்பு ரோகிணி. அங்கிட்டு இருக்கிற பெரிய சிவப்பு திருவாதிரை. கமலை பூட்டுற காலத்துல எங்களுக்கு ஏது கடியாரம்? இதுகளைப் பார்த்துத்தான் எந்திரிப்போம்” என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

பிற்பாடு நண்பர் என் காதோடு, “அம்மாவுக்கு ஐந்தாறு வருஷமாகக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. நட்சத்திரம் ஒன்றும் தெரியாது” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விரல் எந்த இடத்திலும் பிசகவில்லையே!

நட்சத்திரம் பார்க்கும் ஆசை மனிதர்களுக்கு எப்படி உண்டாகிறது என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். புத்தகம் படித்து உண்டாகலாம். பெரிய கண்ணாடிகள் வாங்கி உண்டாகலாம். ஆனால் அநேகமாக எல்லோருடைய கதையிலும், பக்கத்தில் நின்று விரலை நீட்டிய ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

ராதாகோவிந்த சந்திரர் என்னும் வங்காளியின் கதையைக் கேளுங்கள். 1878-ல் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பில் பெயர் வாங்கவில்லை. கடைசிப் பரீட்சையிலே தேறவில்லை. ஜெஸ்ஸூர் கஜானாவில் ஒரு சிறு உத்தியோகம் பார்த்து வந்தார். ஆனால் சிறு வயதில் அவருக்கு நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுத்த பாட்டியார் ஒருவர் இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1910-ல் ஹாலியின் வால்நட்சத்திரம் வந்தது. நம் பாரதியாரும் புதுச்சேரியில் இருந்துகொண்டு அதைப் பற்றிப் பாட்டுப் பாடினார். வால்நட்சத்திரம் வந்தால் நாட்டுக்கு என்ன கேடு வருமோ என்று ஜனங்கள் கிலி பிடித்திருந்த சமயத்தில், அந்தக் கஜானா உத்தியோகஸ்தர் இரவுதோறும் அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அதற்குப் பிறகு அவர் ஆகாயத்தை விடவேயில்லை. சீமையிலிருந்து மூன்று அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வரவழைத்துக் கொண்டார்.

1918-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓர் இரவு, நம் திருவோணம் இருக்கிற கழுகுக் கூட்டத்தில், முன்பின் இல்லாத ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கண்டார். திடீரென்று வெடித்துப் பிரகாசித்த அந்த நட்சத்திரத்தை உலகத்தில் முதன்முதலில் கண்ட சிலரில் இவர் ஒருவர். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வழக்கமாகப் பார்க்கிறவருக்குத் தானே வித்தியாசம் தெரிந்தது. நம் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு நாற்காலி போட்டிருந்தால் நமக்குத் தெரியாதா? ஆகாயம் அவருக்கு வீட்டுக் கூடமாகியிருந்தது.

ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற நட்சத்திரங்களை ஆராயும் அமெரிக்கச் சங்கம் ஒன்று அவரைத் தன் அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது. அந்தச் சங்கத்துக்கு அவர் அனுப்பிய கணக்குகள் 37,000-க்கு மேல்! இந்த உழைப்பை மெச்சி, 1926-ல் அமெரிக்கர்கள் ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகு அவர் கல்கத்தாவுக்கு அருகே குடியேறி, 1975-ல் காலமானார். அவருடைய ஆறு அங்குலக் கண்ணாடி என்னவாயிற்று என்பதை உடனே சொல்கிறேன்.

வங்காளம் வரையில் போகவேண்டுமா, தமிழ் நாட்டில் ஆள் இல்லையா என்று நேயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஏற்பட்ட நட்சத்திர நிலையத்தில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், சிந்தாமணி ரகுநாதாசாரியார் என்பவர் உதவியாளராக இருந்தார். 1867-ல் அவர் தென்வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்படிக் கண்டுபிடித்த முதல் இந்தியர் அவரே. ஆனால் எனக்கு அவர் மேல் பிரியம் உண்டானது வேறொரு காரியத்தினால். 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து போகும் அதிசயம் நேரவிருந்தது. ஆசாரியார் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, இங்கிலீஷில் மட்டுமின்றி இந்திய பாஷைகளிலும் வெளியிட்டார். இருவர் பேசிக்கொள்வது போன்ற சம்பாஷணையாக அதை எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து விரலை நீட்டுகிற வேலைதானே அதுவும்?

இனி, அந்த ஆறு அங்குலக் கண்ணாடி. 1927-ல் பிறந்த வைனு பாப்பு என்பவருடைய தகப்பனார் ஹைதராபாத்தில் நிஜாமியா நட்சத்திர நிலையத்தில் வேலை பார்த்தவர். பையனுக்கு ஆகாயத்தை அறிமுகம் செய்ய வெளியாள் தேவைப்படவில்லை. 1949-ல் அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்தபோதே ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. 1960-ல் கோடைக்கானல் நிலையத்தின் தலைவரானார். நல்ல இருட்டான ஆகாயத்தைத் தேடிக்கொண்டு போய், ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு நட்சத்திர நிலையத்தை ஏற்படுத்தினார். அங்கே அவர் திட்டமிட்ட பெரிய கண்ணாடி, 93 அங்குல அகலமுள்ளது, நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. அது முடிவதற்குள் 1982-ல் அவர் மறைந்து விட்டார். 1986 முதல் அது அவர் பெயரால் விளங்குகிறது. ராதாகோவிந்தரின் ஆறு அங்குலக் கண்ணாடியும் வைனு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் காவலூரைத்தான் சேர்ந்தது. வங்காளத்துப் பாட்டி ஒருத்தி நீட்டிய விரல், ஜவ்வாது மலை வரையில் நீண்டுவிட்டது!

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த ஆசையைக் காட்டிக் கொடுக்கப் பணம் காசு வேண்டியதில்லை. கண் போதும். மேலும், மதுரைக்காரர்களுக்கு ஆகாய விஷயத்தில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், வருஷம் முழுவதும் பார்த்தால், தென் துருவத்தை ஒட்டிய ஒரு சிறு வட்டத்தைத் தவிர, ஏறக்குறைய வானம் முழுவதும் நம் கண்ணுக்குக் கிடைக்கிறது. வைகாசி மாதத்தில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள்: சப்தரிஷிகள் நிற்பார்கள். அப்படியே திரும்பித் தெற்கே பாருங்கள்: தென்சிலுவை நிற்கும். லண்டன்காரர் தம் ஊரிலேயே உட்கார்ந்து ஜன்மம் முழுவதும் விழித்திருந்தாலும் அந்தத் தென்சிலுவையைப் பார்க்க முடியாது.

சப்தரிஷிகளின் வாலில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அருந்ததி. கல்யாணத்தில் எல்லோரும் அருந்ததி பார்க்கிறோம். பட்டப்பகலில், புரோகிதர் கையைக் காட்டுகிறார்; மாப்பிள்ளையும் பெண்ணும் பந்தல் கூரையைப் பார்த்து, தெரிகிறது என்று தலையை ஆட்டுகிறார்கள். இல்லறத்தில் தம்பதிகள் சேர்ந்து சொல்லும் முதல் பொய் அதுவாகத்தான் இருக்கவேண்டும்! வெள்ளி விழாக் கொண்டாடிய தம்பதிகளாவது ஒருநாள் மொட்டை மாடிக்குப் போய் அந்தப் பொய்யை மெய்யாக்கி விடலாம் அல்லவா?

இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படி ஓடியும், சுவாதியிலிருந்து நம்மிடம் வர அதற்கு 37 வருஷம் ஆகிறது. ரோகிணியிலிருந்து 65 வருஷம். வீட்டில் 37 வயதுக்காரர் இருந்தால், அவர் பிறந்தபோது சுவாதியை விட்டுப் புறப்பட்ட ஒளி இன்றுதான் அவர் கண்ணில் விழுகிறது. அறுபத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு ரோகிணி. கார்த்திகைக்கோ சுமார் 440 வருஷம். அன்றிரவு பையன் எண்ணிய ஒளி, திருமலை நாயக்கர் மதுரையில் மகால் கட்டுவதற்கு முன்பே புறப்பட்டு விட்டது. இதை நான் சொன்னபோது அவன் வெகு நேரம் பேசவில்லை.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. சொல்லாமல் விடுவதற்கில்லை. கீழக்குயில்குடியில் நின்றாலே கிழக்கே மதுரைப் பக்கம் ஆகாயம் வெளுத்துக் கிடப்பது தெரிகிறது. நகரத்துக்குள்ளே கேட்கவே வேண்டாம். விளக்கு வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. எத்தனையோ கிராமங்கள் தவம் கிடந்து பெற்ற மின்சாரம் அது. இருட்டில் பாம்புக்கும் திருடனுக்கும் பயந்து நடந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் நாம் போடுகிற விளக்கு எல்லாம் தெருவையா பார்க்கிறது? பாதி வெளிச்சம் ஆகாயத்தை நோக்கிப் போகிறது. அங்கே அதனால் யாருக்கு என்ன லாபம்? விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியைக் கீழே திருப்பினால், தெருவுக்கும் வெளிச்சம் ஜாஸ்தி, செலவும் குறைவு, நட்சத்திரங்களும் மிச்சம். நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் நினைத்தால் நடக்கக்கூடிய காரியம்தான். நாமும் நம் வீட்டு மாடி விளக்கைத் தேவையில்லாதபோது அணைத்து வைக்கலாம்.

ஒரு தலைமுறை நட்சத்திரம் பார்க்காமல் வளர்ந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு விரலை நீட்ட யார் இருப்பார்கள்? ஏடு தொலைந்தால் வேறு பிரதி தேடலாம். பழக்கம் தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது?

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மின்சாரம் வந்தது. தெருவெல்லாம் “வந்திருச்சு!” என்று ஆரவாரம். எங்கள் திண்ணையில் மட்டும் ஒருவன், “அதற்குள் வந்துவிட்டதே!” என்று முகத்தைச் சுளித்தான். கிழவி சிரித்தாள். “எங்கிட்டும் போயிறாதுய்யா. நாளைக்கும் அங்கனேதான் இருக்கும்” என்றாள்.

நாலு நாள் கழித்து, மதுரையிலிருந்து பையன் தாத்தாவுடன் தொலைபேசியில் பேசினான். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தானாம். ரோகிணி தெரிந்ததாம், திருவாதிரையும் தெரிந்ததாம். கார்த்திகை மட்டும் புகை மாதிரிதான் இருந்ததாம். ஆறையும் எண்ண முடியவில்லையாம். அப்பத்தாவிடம் சொல்லச் சொன்னான்.

நண்பர் போய்த் தாயாரிடம் சொன்னார். கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அடுத்த அமாவாசைக்குப் பிள்ளையைக் கூட்டியாரச் சொல்லு” என்றாள்.