அரிசிக்குப் பதில் பணமா?
சிக்கன உபதேசம் செய்வோருக்கு ஒரு பதில்

குடும்பச் செலவைச் சுருக்குவது எப்படி என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு இந்நாளில் பஞ்சமில்லை. மாத முதல் தேதியில் பட்ஜெட் போடுங்கள், சாமான்களை மொத்தமாக வாங்குங்கள், வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் செலவழியுங்கள் என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

வானூர் தாலுகா இரும்பையில் சித்தாள் வேலைக்கும் முந்திரித் தோப்பு வேலைக்கும் போகிற ஒரு தாயிடம் இந்த உபதேசத்தைச் சொல்லிப் பாருங்கள். கேஸ் சிலிண்டரை இன்னும் பத்து நாள் நீட்டிக்கத் தோப்பில் சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பெரிக்கிறாள். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலை ஆகாரமாக்குகிறாள். மூத்த பிள்ளையின் சட்டையை இளைய பிள்ளைக்குத் தைத்துப் போடுகிறாள். இவளுக்கா சிக்கனம் தெரியாது? சிக்கனத்தில் பரீட்சை வைத்தால், உபதேசம் செய்கிற கனவான்கள் இவளிடம் தோற்றுப் போவார்கள்!

ஆகவே கேள்வி வேறு. இவ்வளவு சிக்கனத்திற்குப் பிறகும் மிச்சம் ஏன் நிற்பதில்லை? ஏதாவது நிற்கிறதென்றால் அது எதனால் நிற்கிறது?

மத்திய சர்க்காரின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2023-24ம் வருஷத்துக் குடும்பச் செலவு சர்வேப்படி, இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். இதில் ஏறக்குறைய 47 சதவீதம் சாப்பாட்டிற்கே போய்விடுகிறது. இது சராசரி. நிலமும் கடையும் உள்ளவனையும், கையைத் தவிர வேறு சொத்தில்லாதவனையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பின்னவன் வீட்டில் அடுப்புச் செலவின் பங்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மை. ஆனால் மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டுமே! கூலி தினசரி வருகிறது, அல்லது சனிக்கிழமை வருகிறது. மழை பெய்தால் அதுவும் வருவதில்லை. கையில் காசில்லாத நாளில் மளிகைக்கடைக் கணக்கு நோட்டில் எழுதிவைத்து நூறு கிராம் எண்ணெயும் கால் கிலோ பருப்பும் வாங்குகிறவன், மூட்டையாக வாங்குகிறவனைவிட அதிக விலை கொடுக்கிறான். ஏழையாக இருப்பதற்கே தனியாக ஒரு வரி கட்டுகிறான் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

நிற்கிற மிச்சம் எது?

அப்படியானால் இரும்பைக் குடும்பத்திற்கு உண்மையில் மிச்சம் பிடித்துக் கொடுப்பது எது? ரேஷன் கடைதான்.

நான்கு பேர் கொண்ட அரிசிக் கார்டுக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வெளிக்கடையில் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட இது 1,000 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதில் உள்ள மிச்சம் தனி. எந்தச் சிக்கன உபதேசியாவது கூலிக்காரக் குடும்பத்திற்கு மாதாமாதம் இவ்வளவு தொகையை மிச்சம் பிடித்துத் தர முடியுமா?

இது யாரும் போட்ட பிச்சையல்ல. வங்கத்தில் 1943ம் வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தபோது, பதுக்கல்காரனிடமிருந்து தானியத்தைப் பிடுங்கி ஜனங்களுக்கு அளந்து கொடு என்ற கோரிக்கை நாடெங்கும் எழுந்தது. சென்னை ராஜ்யத்தில் 1952ல் ராஜாஜி மந்திரிசபை உணவுக் கண்ட்ரோலை எடுத்தது. 1967 தேர்தலில் அரிசியே பெரிய பிரச்சினையாகி, ஒரு மந்திரிசபையையே வீட்டுக்கு அனுப்பிற்று. 1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997ல் மத்திய சர்க்கார், ஏழைக்கு ஒரு கார்டு, ஏழையல்லாதவனுக்கு ஒரு கார்டு என்று ஜனங்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையைக் காப்பாற்றியது. 2008ல் கிலோ ஒரு ரூபாய் ஆன அரிசி, 2011ல் விலையில்லா அரிசியாயிற்று. மந்திரிசபைகள் மாறின. ஆனால் அரிசியில் கை வைத்தால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்ற பயம் மாறவில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியது ஜனங்களின் பலம்தான்.

எல்லைக்கு அப்பால் நடந்தது என்ன?

இரும்பையிலிருந்து சற்றுத் தூரம் போனால் பாண்டிச்சேரி எல்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் வேலைக்குப் போவதும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும், நோய்க்கு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அங்கேதான். ஒரே ஜனங்கள், ஒரே சமையல். ஆனால் ரேஷன் விஷயத்தில் அங்கே நடந்தது வேறு.

2013ம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12வது பிரிவிலேயே, தானியத்துக்குப் பதில் பணம் கொடுக்க ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். 2015 செப்டம்பரில் அந்த வாசல் வழியாகப் பாண்டிச்சேரியிலும் சண்டிகாரிலும் பரிசோதனை தொடங்கியது. அரிசி கிடையாது, பாங்கிக் கணக்கில் பணம் வரும் என்றார்கள். பணத்தை எப்படிக் கணக்கிடுவது? உங்கள் தெருக்கடையின் விலையை வைத்தல்ல. சர்க்கார் நிர்ணயிக்கும் ஆதார விலையை வைத்துத்தான் விதி செய்தார்கள். கடைக்காரன் ஆதார விலைக்கா அரிசி விற்கிறான்?

பின்னர் பாண்டிச்சேரி சர்க்காரின் இலவச அரிசியையும் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று தகராறு எழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபை அரிசி வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் பணம்தான் என்றார். விவகாரம் சென்னை ஹைகோர்ட் வரை போய், 2020ல் பணப் பட்டுவாடாவே நிலைத்தது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடைச் சிப்பந்திகள் சம்பளமின்றித் தெருவில் நின்று போராடினார்கள். கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, அந்தக் கடைகளை மீண்டும் திறக்க வேண்டி வந்தது. ஜனங்கள் அரிசியைத்தான் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கேஸ் கற்பித்த பாடம்

"பணமாகக் கொடுத்தால் என்ன கெட்டுப் போகும்? விரும்பிய அரிசியை விரும்பிய கடையில் வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். ரேஷன் அரிசி சில மாதங்களில் மட்டமாக இருக்கிறது, எடை குறைகிறது, மூட்டை மூட்டையாக வெளியே கடத்தப்படுகிறது என்றும் சொல்கிறார்கள். இந்தக் குறைகள் உண்மையே. 2024 கோடையில் பருப்பும் பாமாயிலும் காலத்தில் வராமல் ஜனங்கள் கடைக்கு அலைந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவார்களா, வீட்டை இடிப்பார்களா?

பணத்தின் கதி என்னவாகும் என்பதற்கு நம் அடுப்படியிலேயே அத்தாட்சி இருக்கிறது. சிலிண்டரை முதலில் மானிய விலைக்கே கொடுத்து வந்தார்கள். 2014 நவம்பரில் சில ஜில்லாக்களிலும், 2015 ஜனவரியில் நாடெங்கும், முழு விலையையும் நீங்கள் கொடுங்கள், மானியம் பாங்கிக்கு வரும் என்றார்கள். வந்தது, பிறகு தேய்ந்தது. 2020 மே மாதத்திற்குப் பிறகு சாதாரணக் குடும்பங்களுக்கு அது அடியோடு நின்றது. உஜ்வாலா இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் 2022 முதல் ஒரு தொகை வைத்தார்கள். சென்னையில் சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. மானியத்தை நிறுத்த எந்தப் பெரிய பிரகடனமும் தேவைப்படவில்லை. பாங்கிக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். கடையைப் பூட்டினால் ஊர் திரளும். பாஸ் புத்தகத்தில் ஒரு வரி குறைந்தால் தனித்தனியே அவரவர் வீட்டில்தான் புலம்புவார்கள். சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது.

20 கிலோ அரிசி விலை ஏறினாலும் 20 கிலோதான். 1,000 ரூபாய் அப்படியல்ல. விலை ஏற ஏற அது உருகும். அந்தப் பணமும் அடுப்பிற்கே வந்து சேருமென்று என்ன நிச்சயம்? வாராந்தரக் குழுக்கடன் தவணை வாசலில் நிற்கிறதே! நுண்கடன் கம்பெனிகளுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை 2022ல் ரிசர்வ் பாங்கி நீக்கிவிட்டது. ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பாதி வரை கடன் தவணைக்குப் போகலாம் என்றும் அதே விதிகள் அனுமதிக்கின்றன! பாதி சோற்றுக்கு, பாதி தவணைக்கு என்றால், பள்ளிக்கூடத்திற்கும் மருந்துக்கும் எங்கே போவது? கணக்கிலே விழுகிற பணத்தைக் கடன்காரன் பிடித்துக்கொள்வான். சட்டியில் கொதிக்கிற அரிசியைப் பிடித்துக்கொள்ள முடியாது.

கூட்டாகச் சிக்கனம்

சிக்கனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தனித்தனி வீட்டில் வயிற்றைச் சுருக்குவது ஒரு சிக்கனம். ஜனங்கள் ஒன்று சேர்ந்து தரகனையும் கொள்ளை லாபத்தையும் சுருக்குவது இன்னொரு சிக்கனம். 1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் தொழிலாளர்கள் சேர்ந்து கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்க ஒரு கடை திறந்தார்கள். 1904ல் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. ரேஷன் கடையும், சர்க்கார் பள்ளிக்கூடமும், தர்ம ஆஸ்பத்திரியும், டவுன் பஸ்ஸும் அந்த இரண்டாவது ரகச் சிக்கனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எது நொறுங்கினாலும், எந்தப் பட்ஜெட் நோட்டாலும் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது.

எனவே இரும்பையிலும் சுற்று வட்டாரங்களிலும் நாம் செய்ய வேண்டிய வேலை தெளிவானது.

அரிசி குறைந்தாலும் மட்டமானாலும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அங்கேயே எடை போடச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29வது பிரிவு கண்காணிப்புக் கமிட்டிகளுக்கு இடம் தருகிறது. அவை காகிதத்தில் தூங்காமல் கூடவும், அவற்றில் கூலிக்காரப் பெண்கள் உட்காரவும் வேண்டும் என்று வற்புறுத்துவோம். மே 1லும் ஆகஸ்டு 15லும் கூடுகிற கிராம சபையில், "எங்களுக்கு அரிசியே வேண்டும், பருப்பும் எண்ணெயும் மாதந்தோறும் தவறாமல் வேண்டும், அரிசிக்குப் பதில் பணம் வேண்டாம்" என்று தீர்மானம் போடச் செய்வோம். எல்லைக்கு அப்பாலுள்ள உறவினர்களோடும் கை கோர்ப்போம். அங்கே திறந்த கடை மறுபடி மூடாமல் இருப்பது நமக்கும் பாதுகாப்பு.

அடுத்த தடவை யாராவது சிக்கன உபதேசத்தோடு ஊருக்குள் வந்தால் மரியாதையாக உட்கார வைத்துக் கேளுங்கள்: "ஐயா, எங்கள் வீட்டில் குறைக்க இனி ஒன்றுமில்லை. விலைவாசியைக் குறைக்க உங்களிடம் என்ன யோசனை இருக்கிறது?"