சுழியோடுவோரும் நமது மதிப்பீடும்

ஆகாய விமானத்திலிருந்து குடைகொண்டு குதிக்கும் படைவீரனை உலகம் போற்றுகின்றது. அதே ஆகாயத்தில் மகிழ்ச்சிக்காகக் குதிப்பவனையோ உயிரின் அருமை அறியாதவன் என எள்ளுகின்றது. கடமைக்காக ஏற்கும் ஆபத்து வீரம். விருப்பினால் ஏற்பது வீண்விளையாட்டு என்பதே பலரும் கொண்ட அளவுகோல். இது முற்றும் நேரியதன்று என்பதை அறிய எமது புத்தளக் கடலை நோக்கினாலே போதும்.

கற்பிட்டிக்கு அப்பால், 1992ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட முருகைக்கற்பாறைத் திட்டு உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் உல்லாசப் பயணிகள் அங்கே சுழியோட வருகின்றனர். அதே கரையிலிருந்து எமது இளைஞர் கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் சுழியோடுகின்றனர். இரு சாராரும் முதுகிற் சுமப்பது, 1943இல் பிரான்சு நாட்டிற் கூஸ்தோ, காஞான் என்போர் ஆக்கிய கருவியின் வழிவந்ததே.

முன்னவரைப் பொழுதுபோக்குவோர் என்கிறோம்; பின்னவரைத் தீரர் என்கிறோம். ஆயினும் பொழுதுபோக்குவோர் பயிற்சியின்றி இறங்கார், துணையின்றியும் இறங்கார். தொடக்க நிலையினருக்கு 18 மீற்றர், தேர்ந்தவருக்கு 40 மீற்றர் என எல்லை வகுத்துள்ளனர். மெல்ல மேலேறி, 5 மீற்றர் ஆழத்திற் சில நிமிடம் தரித்தே வெளிவருவர்.

உழைப்பாளியோ, ஆழங்குறைந்த இடங்களிற் கடலட்டை அருகிவிட்டமையால் மேலும் ஆழத்தை நாடுகின்றார். ஒரே நாளிற் பன்முறை இறங்குகின்றார். அழுத்தத்தினால் உடலிற் கரைந்த நைதரசன், அவர் விரைந்து எழும்போது, திறந்த சோடாப் போத்தலிற்போலக் குமிழியாகின்றது. மூட்டுநோவும், கால் வழங்காமையும், சிலவேளை மரணமுமே அதன் பயன். அனுபவம் போதும் என்பார் உளர். நைதரசன் அனுபவத்துக்கு அஞ்சுவதன்று.

படைவீரனுக்குப் பயிற்சி தரவும், குடையைச் சோதிக்கவும், காயமுற்றாற் பேணவும் ஓர் அமைப்பு உண்டு. பண்டை முத்துக்குளிப்பிற் கல்லைப் பற்றி மூச்சடக்கி இறங்கியவனுக்கும் மேலே கயிறு பிடிக்க ஒருவன் இருந்தான். மைத்துனனையே அப்பணிக்கு நம்புவர் என்பர். இன்றைய கடலட்டைச் சுழியோடி பலருக்கோ வீரனின் ஆபத்து உண்டு, வீரனுக்குரிய பாதுகாப்பு இல்லை. விளையாட்டு வீரனின் கருவி உண்டு, அவனுக்குரிய ஒழுங்கு இல்லை. அவரைத் தீரர் எனப் புகழ்ந்தமைவது எமது கடனைத் தட்டிக்கழிப்பதேயாம்.

ஆதலின், பயிற்சிச் சான்றும், படகுதோறும் ஒட்சிசனும், ஆழத்துக்கேற்ற ஓய்வும் அவருக்கு உரிமையாதல் வேண்டும். கடலட்டையை உலர்த்திப் பிறநாடுகளுக்கு அனுப்பிப் பொருளீட்டுவோரே அச்செலவை ஏற்றல் முறை. பழைய மாணவர்களுள் மருத்துவரும், சட்டத்தரணிகளும், உத்தியோகத்தரும் உளர். இதனை வலியுறுத்தும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. மாணவச் செல்வங்களோ விளையாட்டை இகழாதிருப்பாராக. உயிருடன் மீள விரும்பியவர் வகுத்த விதிகளை உழைப்புக்கும் உரியனவாக்குவதே அறிவுடைமையாம்.