வருகைப்பதிவுச் சுற்றறிக்கை: ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

வரும் பருவத்திலிருந்து முகப்பதிவுக் கருவி வழியாக மட்டுமே வருகை கணக்கிடப்படும், முதல் மணி தொடங்கி 10 நிமிடத்துக்குள் பதியாதவர் அன்று வராதவராகவே கொள்ளப்படுவார், 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கண்டொனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணம் கட்டித் தேர்வெழுதும் வழி இனி இல்லை என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. செயற்குழு இதை இரண்டு அமர்வுகளில் விவாதித்தது.

மாணவர்கள் வகுப்புக்கு வர வேண்டும் என்பதில் சங்கத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. கருவியைப் பொறுத்தவரை உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. பதிவேட்டு முறையில் நடக்கும் குளறுபடிகளுக்கு அது ஓரளவு தீர்வாகலாம் என்று ஒரு பகுதியினர் கருதுகிறார்கள். எனவே கருவியைக் கொள்கை அளவில் சங்கம் இப்போதைக்கு எதிர்க்கவில்லை.

சுற்றறிக்கையின் முன்னுரையை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க முடியாது. இன்றைய மாணவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, சலுகைகள் அவர்களைக் கெடுத்துவிட்டன என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் கடைசியாக எப்போது இரண்டாமாண்டு பி.காம். வகுப்பறைக்குள் போனார் என்று கேட்கிறோம். இந்த வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். பெரும்பான்மை முடிவின்படி அது நிற்கிறது.

நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற கட்டத்தைப் பாருங்கள்: கூலி, விவசாயக் கூலி, தறி, கட்டட வேலை, ஆட்டோ. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயது வரையிலானோரின் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4. தமிழ்நாட்டுக்கு 47. இந்த உயரத்தை எட்டியதில் நம்முடையதைப் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. 69 விழுக்காடு இடஒதுக்கீடும், கட்டணச் சலுகையும், பஸ் பாஸும், உதவித்தொகையும் இல்லாமல் இவர்கள் இங்கே வந்திருக்க முடியாது. இவர்களைக் கொண்டுவந்து சேர்க்க இந்த மாநிலம் பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறது. அதைச் சலுகை, கெட்டுப்போதல் என்று ஒரு பல்கலைக்கழகமே எழுதுமானால் அதற்குப் பெயர் அவமதிப்பு.

இனி அந்த 75 விழுக்காடு. ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள். 75 விழுக்காடு என்றால் 68 நாள் வர வேண்டும். இதுவரை 65 விழுக்காடு, அதாவது 59 நாள் வந்தவர்கள் கட்டணம் கட்டித் தேர்வெழுதினார்கள். இடையில் இருப்பது 9 நாள். அந்த 9 நாளில் நம் மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்பது வகுப்பெடுக்கும் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போகிறார்கள்.

ஜூனில் தொடங்கி நவம்பரில் முடியும் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. முதல் நாள் மாலையே பையன்கள் கேட்டரிங் வேனில் ஏறிவிடுகிறார்கள். ராத்திரி சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, மண்டபத்து மாடியில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, விடிவதற்கு முன் எழுந்து மறுபடியும் இலை போட வேண்டும். காலைப் பந்தி ஓய்ந்து கூலி கைக்கு வரும்போது மணி பத்தரை. கல்லூரியில் மூன்றாம் மணி நடந்துகொண்டிருக்கும். அப்படியும் சிலர் வந்துவிடுகிறார்கள். வெள்ளைச் சட்டையின் கையில் சாம்பார்க் கறையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தூக்கத்தை அடக்கிக்கொண்டு காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கை நோட்டில் எழுதுகிற பையனுக்கு மாலைப் பந்தி, காலைப் பந்தி இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்திருப்பது சில நூறு ரூபாய். பரீட்சைக் கட்டணத்தை அவன் அதிலிருந்துதான் கட்டப்போகிறான். புதிய விதியின்படி அவன் அன்று வகுப்புக்கு வரவே இல்லை.

புரட்டாசி கடைசியில் ஜவுளிக்கடைகள் தீபாவளிக்கு ஆள் எடுக்கின்றன. பெண்பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். காலை ஷிப்ட் மாணவிகள் மதியம் கடைக்குள் நுழைந்தால் இரவு வெளியே வர ஒன்பது, பத்து மணி ஆகும். அத்தனை நேரமும் நின்றபடியே வேலை. பண்டிகைக்கு முந்தைய வாரம் முழுநாளும் இருந்தால்தான் பேசிய சம்பளம் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். ஒரே வாரத்தில் ஐந்தாறு நாள் போய்விடுகிறது. அது இன்டெர்னல் தேர்வு நடக்கும் வாரமாகவும் இருந்துவிடுவது உண்டு. தேதியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள் என்று நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இவர்கள் கைச்செலவுக்காக வேலை செய்வதாக நினைப்பவர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும். தம்பியின் பள்ளிக்கூடச் செலவு, அம்மாவின் மருந்து, மகளிர் குழுக் கடன் தவணை என்று பணம் வீட்டுக்குத்தான் போகிறது. வேலையை விட்டால் படிப்பும் நின்றுபோகும். அக்கறை இல்லாதவன் மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போய்த் தூங்குவான், மூன்றாம் மணிக்கு வந்து உட்கார மாட்டான்.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாக. இலவச பாஸ் அரசுப் பேருந்தில்தான் செல்லும். பெண்களுக்குக் கட்டணமில்லாத விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும். உள்கிராமங்களுக்குக் காலையில் வருவது ஒரே ஒரு வண்டி. அது தாமதமாக வந்தாலும், நிற்காமல் போனாலும், அதில் வரவேண்டிய அத்தனை பேருக்கும் 10 நிமிடக் கெடு தவறிவிடும். பேருந்து நேரத்தை மாற்றித் தரும்படி போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கடிதமாவது போனதா? போனதாகத் தெரியவில்லை.

மாணவிகள் விஷயத்தில் சுற்றறிக்கை முழு மௌனம் காக்கிறது. படிப்பின் நடுவே திருமணமாகி, கர்ப்பிணியாக, கைக்குழந்தைக்காரியாகப் பட்டத்தை முடிப்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகையில் தளர்வும் தர விதிகள் வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே கேட்டுக்கொண்டது. விதி எங்கே? புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயை நம்பி மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வீடு, ஒரு பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டால் அவளை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடும். படிப்பு நின்றால் அந்த 1,000 ரூபாயும் நின்றுவிடும்.

ஆசிரியர் காலிப் பணியிடங்கள் குறித்துத் தனித் தீர்மானம் இருக்கிறது. பருவம் பாதி முடியும்வரை ஆசிரியரே நியமிக்கப்படாத பாடங்களுக்கும் இதே 75 விழுக்காடு கேட்கப்படுகிறது என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம். கண்டொனேஷன் கட்டணத்தையே ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அமர்வில் எழுந்தது. அதில் உடன்பாடு எட்டப்படவில்லை. மேலும் ஆராயப்படும்.

எங்கள் நிலைப்பாடு இது. சுற்றறிக்கையை நிறுத்திவைத்துக் கல்விப்பேரவையில் விவாதத்துக்கு வைக்க வேண்டும். 65 முதல் 74 விழுக்காடு வரை உள்ளவர்களைத் தேர்வெழுத விடும் இப்போதைய விதி தொடர வேண்டும். வேலை பார்த்துப் படிப்பவர்களை வகுப்பாசிரியரும் துறைத்தலைவரும் பரிந்துரைக்கலாம் என்ற பிரிவு அதில் சேர வேண்டும். பரிந்துரை முறைகேடாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதைத் தடுக்கும் நடைமுறை குறித்துப் பேசத் தயாராக இருக்கிறோம். மகப்பேறு விதி இந்தப் பருவத்திலேயே வெளிவர வேண்டும். எந்த மணிக்கு வந்தாரோ அந்த மணியிலிருந்து வருகை கணக்கிடப்பட வேண்டும். கருவி வந்தாலும் இதில் மாற்றம் கூடாது. முன்னுரையை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பதிவாளருக்கு இந்த அறிக்கையின் படி அனுப்பப்பட்டுள்ளது. ஹால் டிக்கெட் வழங்கும் தேதிக்கு முன் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லையென்றால், வருகைக் குறைவால் தேர்வெழுதும் தகுதியிழந்தோர் பட்டியலில் உறுப்பினர்கள் எவரும் கையெழுத்திட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. கையெழுத்திட மறுப்பதால் நடவடிக்கைக்கு உள்ளாகும் கௌரவ விரிவுரையாளர்களுக்காகச் சங்கம் முழுமையாக நிற்கும். அவர்கள் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை.