மார்ச் 2026: எஸ்பியர்க்கில் நாள் பார்ப்பது எப்படி?



இந்த மாதப் பலனுக்குப் போகமுன் எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த முறை நாள்காட்டி தயாரித்ததே அதனால்தான்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. போன ஒக்டோபரில் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைத்தது. அன்று அஷ்டமி. எனக்குச் சொல்லாமல் தானே போன் எடுத்து, "எனக்கு அண்டைக்கு ஏலாது" என்று அம்மா நாளை மாற்றிவிட்டார். பிறகு டிஜிட்டல் போஸ்டில் வந்த புதிய நாள் மார்ச் 3. இடையில் ஒரு முழுக் குளிர்காலம். இருட்டு, காற்று, ஈரம். வாசற்படியில் இரண்டு தடவை கால் தவறியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கடைசியில் பஞ்சாங்கத்து எழுத்தே தெரியவில்லை. ஒன்பது வயது மகள்தான் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்துக் கொடுத்தாள்.

அப்படி வாசித்ததில் அவளே கண்டுபிடித்தாள்: "அம்மம்மா, மூண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை. ராகு காலம் மூண்டு மணியிலிருந்து நாலரை. உங்கட ஒப்பரேஷன் மூண்டு மணிக்கு."

போதாததற்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாமி போன் எடுத்து, "அண்டைக்கு சந்திர கிரகணமுமல்லோ" என்று சொல்லிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை போன் எடுக்க நினைக்கிறார் என்று விளங்கியது.

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "உதெல்லாம் மூடநம்பிக்கை அம்மா" என்று சத்தம் போடுகிறோம். அல்லது "சரி, உங்கட விருப்பம்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டாலும் அம்மாவுக்குப் பயன் இல்லை. நான் மூன்றாவது வழியைப் பார்த்தேன். அம்மாவின் கணக்கையே எடுத்து, அதை எஸ்பியர்க்குக்குச் சரியாகப் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு இதுதான்

ராகு காலம் மணிக்கூட்டில் பிறப்பதில்லை, சூரியனில் பிறக்கிறது. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள நேரத்தை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்கள் 2ஆம் பங்கு, சனி 3, வெள்ளி 4, புதன் 5, வியாழன் 6, செவ்வாய் 7, ஞாயிறு 8. பிள்ளைகளுக்குப் பாடமாக்கக் கொடுக்க: தி, ச, வெ, பு, வி, செ, ஞா.

ஊரில் சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு மறையும். பன்னிரண்டு மணியை எட்டாகப் பிரித்தால் ஒன்றரை மணி. கடை நாள்காட்டியில் செவ்வாய் 3.00–4.30 என்று வருவது அதனால்தான். எஸ்பியர்க்கில் மார்ச் 1 அன்று சூரியன் 7.17க்கு உதித்து 18.00க்கு மறைகிறது. பகல் 10 மணி 43 நிமிடம். மார்ச் 31இல் பகல் 13 மணி. ஒரே மாதத்துக்குள் இரண்டேகால் மணிக்கு மேல் வித்தியாசம். ஊர் நாள்காட்டி இங்கே எப்படிப் பொருந்தும்?

மார்ச் 3க்குப் போடுவோம். உதயம் 7.12, மறைவு 18.04. பகல் 652 நிமிடம். எட்டில் ஒன்று 81 நிமிடம் சொச்சம். செவ்வாய்க்கு ஆறு பங்கு கழிந்து ஏழாவது. அப்படியென்றால் ராகு காலம் 15.20க்குத்தான் தொடங்குகிறது. அம்மா மூன்று மணிக்கே உள்ளே போய்விடுவார்.

கிரகணம்? உண்மைதான், அன்று முழுச் சந்திர கிரகணம். ஆனால் அதன் உச்சம் எங்கள் நேரம் பகல் 12.33. அப்போது சந்திரன் எஸ்பியர்க்கின் அடிவானத்துக்குக் கீழே. யாழ்ப்பாணத்தில் மாலை சந்திரன் உதிக்கும்போது கிரகணத்தின் கடைசிப் பகுதி தெரியும். அதனால் மாமி அங்கே குளிப்பதும் சாப்பிடாமல் இருப்பதும் அவருக்குச் சரி. கண்ணுக்குத் தெரியாத ஊரில் கிரகணத் தீட்டு இல்லை என்பதுதான் நம் பெரியவர்களின் வழக்கம்.

இரண்டு கணக்கையும் கடுதாசியில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் வைத்தேன். மகள் வாசித்தாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப மூண்டேகாலுக்கு முன்னம் வாசல் மிதிச்சால் காணும்?"

"காணும் அம்மா. ஆனால் ராகு காலத்துக்குள்ள விழுந்திருந்தாலும் நாங்கள் போயிருப்பம்" என்றேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்தது வெறும் தந்திரம். அடுத்த தடவை கணக்கு எங்கள் பக்கம் விழாது. அதற்கும் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. புறப்படும் நேரம்தான் கணக்கு. நல்ல நேரத்தில் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்பா ஊரில் பயணத்துக்கு முன் பையை எடுத்து வெளித் திண்ணையில் வைத்துவிட்டு வருவார். அவ்வளவுதான்.

எது மாறும், எது மாறாது

பலர் விடும் பிழை ஒன்று உண்டு. ஊர்ப் பஞ்சாங்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் நாலரை மணி கழிப்பது. திதி, நட்சத்திரம் முடியும் நேரம் உலகம் முழுக்க ஒரே கணம். அதற்குக் கழிக்கலாம்: மார்ச் 28 வரை நாலரை மணி, 29 முதல் மூன்றரை மணி. ராகு காலத்துக்குக் கழிக்கக் கூடாது. அதை இங்குள்ள உதயத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும். கொப்பன்ஹேகனில் இருப்பவர்களுக்குச் சூரியன் எங்களைவிட ஏறக்குறைய 16 நிமிடம் முந்துகிறது. கீழே உள்ள நேரங்களில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் நாட்கள் (எஸ்பியர்க் ராகு காலம், 5 நிமிடத்துக்குக் கிட்டவாக)

1 ஞாயிறு 16.40–18.00. வாரத் தொடக்கச் சமையல், வீட்டு வேலைக்கு நல்ல நாள்.
2 திங்கள் 8.35–9.55. மாசி மக நட்சத்திரம். பிள்ளையோடு கடற்கரைக்குப் போய்வரலாம்.
3 செவ்வாய் 15.20–16.45. பௌர்ணமி. கிரகணம் இங்கே தெரியாது, வழக்கம்போல் சாப்பிடுங்கள்.
4 புதன் 12.40–14.00. கடிதம், வங்கி வேலைகளைக் காலையில் முடியுங்கள்.
5 வியாழன் 14.00–15.25. ஆசிரியருடன் பேச மாலை நேரம்.
6 வெள்ளி 11.15–12.40. வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி. சங்கடகர சதுர்த்தியும் கூட.
7 சனி 9.50–11.15. எள் விளக்கு வைப்பவர்கள் மாலையில் வைக்கலாம்.
8 ஞாயிறு 16.50–18.15. உறவினர் வீட்டுக்குப் பகலிலேயே போய்வாருங்கள்.
9 திங்கள் 8.20–9.45. பாடசாலைக்கு எட்டுக்கே புறப்படுவதால் தொல்லையில்லை.
10 செவ்வாய் 15.30–16.55. கடன், வாக்குவாதம் தவிர்க்க.
11 புதன் 12.35–14.00. அஷ்டமி. புதிய தொடக்கத்தைத் தள்ளுங்கள், மருத்துவரைத் தள்ளாதீர்கள்.
12 வியாழன் 14.05–15.30. நவமி. நேற்றுச் சொன்னதே இன்றும்.
13 வெள்ளி 11.10–12.35. அம்மனுக்கு மாலை விளக்கு.
14 சனி 9.40–11.05. மாசி கடைசி நாள். வீடு துப்புரவு.
15 ஞாயிறு 17.00–18.30. பங்குனி 1.
16 திங்கள் 8.10–9.35. முதல் பங்குனித் திங்கள்.
17 செவ்வாய் 15.35–17.05. உடற்பயிற்சி, விளையாட்டு தொடங்கலாம்.
18 புதன் 12.35–14.05. அமாவாசை. அப்பா இல்லாதவர்கள் விரதம் பிடிக்கும் நாள்.
19 வியாழன் 14.05–15.35. அமாவாசை அதிகாலையிலேயே முடிந்தது. புதியவை தொடங்க நல்லது.
20 வெள்ளி 11.00–12.35. பகலும் இரவும் ஏறக்குறைய சமம்.
21 சனி 9.30–11.00. பொருள் வாங்கப் பிற்பகல்.
22 ஞாயிறு 17.10–18.45. வளர்பிறைச் சதுர்த்தி. ஹேர்னிங் சித்தி விநாயகரிடம் போக வசதியான விடுமுறை நாள்.
23 திங்கள் 7.55–9.25. இரண்டாவது பங்குனித் திங்கள். 7.55க்குமுன் வாசல் தாண்டுங்கள்.
24 செவ்வாய் 15.40–17.15. பொறுமை வேண்டிய நாள்.
25 புதன் 12.30–14.05. காலை 9.20க்குப் பின் அஷ்டமி.
26 வியாழன் 14.05–15.40. காலை ஏழேகாலுக்குப் பின் நவமி.
27 வெள்ளி 10.55–12.30. நவமி விடியுமுன்னரே முடிகிறது என்று பார்ப்பவர்கள், காலை 6 மணி வரை பொறுங்கள்.
28 சனி 9.20–10.55. இரவு படுக்கமுன் மணிக்கூட்டைத் திருப்புங்கள்.
29 ஞாயிறு 18.20–19.55. அதிகாலை 2 மணி 3 ஆகிறது. கோடை நேரம்.
30 திங்கள் 8.40–10.15. மூன்றாவது பங்குனித் திங்கள்.
31 செவ்வாய் 16.45–18.25. நாளை, ஏப்ரல் 1, பங்குனி உத்திரம்.

பங்குனித் திங்கள் என்றதும் பெரியவர்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் பொங்கல்தான் நினைவுக்கு வரும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு பகிடி. சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். திங்கட்கிழமை பிரண்டா அபிராமி அம்மனிடம் போக லீவு கிடைக்காதவர்கள், வேலையால் வந்து வீட்டிலேயே சின்னப் பானையில் பொங்கலாம்.

சனி மாறுகிறதாம், பயப்பட வேண்டுமா?

திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கிய முறையைப் பின்பற்றுகிறது. ஒரே சனிக்கு ஒரு வருட இடைவெளியில் இரண்டு நாள். இதனால்தான் உங்கள் அம்மா "போன வருசமே தொடங்கிட்டுது" என்கிறார், மாமியார் "இல்லை, இப்பதான்" என்கிறார். இருவரும் தங்கள் தங்கள் பஞ்சாங்கப்படி சரி.

சனி மீனத்தில் இருக்கும்போது கும்பம், மீனம், மேஷம் மூன்று ராசிக்கும் ஏழரை. மகரத்துக்கு முடிகிறது. சிம்மத்துக்கு அட்டமச் சனி. ஒன்றை மனத்தில் வையுங்கள். பன்னிரண்டு ராசியில் எப்போதும் மூன்று ஏழரையில்தான் இருக்கும். அப்படியென்றால் உலகத்தில் நாலில் ஒருவருக்கு இப்போது ஏழரை. வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால் சராசரியாக ஐந்து பேருக்கு இருக்கும். கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்ததற்குச் சனியைக் காட்டாதீர்கள். பிள்ளையின் முன்னால் "உனக்கு நேரம் சரியில்லை" என்று ஒரு தரம் சொன்னால், அது பரீட்சை மண்டபம் வரை கூடவே போகும். பரிகாரம் செய்ய விரும்பினால் சனிக்கிழமைகளில் ஒரு வயதானவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக

"இது உண்மையா அம்மா?" என்று பிள்ளை கேட்டால், நான் சொல்வது இது. சூரியன் உதிக்கும் நேரம் உண்மை. சந்திரனின் திதி உண்மை. அதில் நல்லது கெட்டது பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வழக்கத்தை மதிக்கலாம், அதற்காக ஒருவரின் கண்ணைக் கொடுக்க முடியாது. கலியாணத்துக்கும் வீடு குடிபுகுதலுக்கும் நாள் பாருங்கள், நாள் நம் கையில் இருக்கிறது. மருத்துவர் தந்த நாள், பரீட்சை நாள், நேர்முகத்தேர்வு நாள், இவை நம் கையில் இல்லை. அவற்றுக்குப் புறப்படும் நேரத்தை மட்டும் பாருங்கள்.

செவ்வாய் இரண்டு இருபதுக்கு வாசல் தாண்டுகிறோம். பை இப்போதே கதவடியில் இருக்கிறது. கண் தெளிந்ததும் முதல் வேலையாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் அந்த நாலு வெள்ளை மனிதரைக் காட்டச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். போன வருடம் அவர் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைப் புகையாம்.

மகளுக்குத்தான் ஒரு கவலை. "அம்மம்மாவுக்குக் கண் தெரிஞ்சால் பஞ்சாங்கம் நான் வாசிக்கத் தேவையில்லையோ?" என்று கேட்டாள்.

"நீ வாசி. நான் பிழை பிடிக்கிறன்" என்றார் அம்மா.