சாட்சியின் நாணயமும் சந்தையின் நாணயமும்

புளொக்செயின் எனப்படும் தொடரேட்டுத் துறையிலே 'ஒராக்கிள்' திட்டங்கள் பல இன்று ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. செயின்லிங்க், பாண்ட், ஏ.பி.ஐ.3, பைத், யூமா என்பன அவற்றுட் சில. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நாணயத்தை வெளியிட்டுள்ளது. இவற்றுள் எதனை வாங்கினால் இலாபம் கிட்டும் என ஒப்பிட்டுரைக்கும் எழுத்துக்கள் பெருகிவிட்டன. ஒருபுறம் நாணயத்தின் மொத்தச் சந்தைப் பெறுமதி, மறுபுறம் அத்திட்டத்தை நம்பியிருக்கும் பணத்தின் அளவு, இன்னொருபுறம் கூட்டாளிகளின் பெயர்ப்பட்டியல் என அட்டவணை நிரப்பி, ஈற்றிலே 'இது மலிவு. அது விலையேறியது' எனத் தீர்ப்பளித்தல் இவ்வெழுத்துக்களின் பொதுவியல்பாகும். இவ்வொப்பீடு அடிப்படையிலேயே பிழையானது. சாட்சியின் நாணயத்தைச் சந்தையின் நாணயத்தால் அளக்க முயலும் மயக்கத்திலிருந்தே அது பிறக்கின்றது.

இம்மயக்கத்தைத் தெளிவதற்கு ஒராக்கிள் என்பது யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். 2009 இல் இயங்கத் தொடங்கிய பிற்கொயினும் 2015 இல் வந்த எதீரியமும் உலகிற்கு முன்வைத்த பெருமை ஒன்றே: எவரையும் நம்பவேண்டியதில்லை, ஏடு பலரிடமும் உள்ளது, கணக்கை எவரும் சரிபார்க்கலாம். எதீரியம் ஒருபடி மேலே சென்று, ஒப்பந்தங்களையே கணனி நிரலாக எழுதி ஏட்டினுள் வைத்தது. ஆயின் அந்நிரல் கண்ணில்லாதது. ஏட்டினுள் எழுதப்பட்டதை மட்டுமே அது அறியும். ஒரு டொலருக்கு இன்று எத்தனை யென், ஓரிடத்தில் மழை பெய்ததா, தேர்தலில் வென்றவர் யார் என்பனவற்றை அது தானாக அறியமாட்டாது. வெளியுலகச் செய்தியை உள்ளே கொணர்ந்து கூற ஒரு சாட்சி வேண்டும். பண்டைக் கிரேக்கக் கோயில்களின் தெய்வவாக்குக்கு வழங்கிய பெயரையே இச்சாட்சிக்கு இட்டனர். பெயர் பொருத்தமானதே. குறிகேட்போன் குறிசொல்வோனை நம்பியே ஆகவேண்டும். எவரையும் நம்பவேண்டாத பொறி, இவ்வாறு மீண்டும் நம்பிக்கையின் வாசலிலே வந்து நிற்கின்றது.

எவரை நம்புவது என்ற இவ்வொரு வினாவுக்குப் போட்டித் திட்டங்கள் வெவ்வேறு விடை தருகின்றன. 2017 இல் தன் கொள்கையறிக்கையை வெளியிட்டு 2019 மே மாதத்தில் எதீரியத்தில் இயங்கத் தொடங்கிய செயின்லிங்க், பல இடையாட்கள் தனித்தனியே விலையைத் திரட்டித் தர, அவற்றின் நடுவெண்ணை எடுத்துக்கொள்கின்றது. தாய்லாந்திலே தோன்றிய பாண்ட் அப்பணிக்கெனத் தனியே ஒரு தொடரேட்டை அமைத்தது. ஏ.பி.ஐ.3, இடையாளே வேண்டாம், தரவின் உடைமையாளரே நேரே சாட்சி கூறட்டும் என்றது. 2021 இல் வந்த பைத், சந்தையிலே வாங்கி விற்கும் பெருநிறுவனங்களையே விலைகூற வைத்தது. யூமாவோ, முதலில் ஒருவர் கூறுவதை ஏற்றுக்கொண்டு, மறுப்பு எழுந்தால் நாணயம் வைத்திருப்போரின் வாக்கெடுப்புக்கு விடுகின்றது. இவை நம்பிக்கை பற்றிய ஐந்து கோட்பாடுகள். ஒப்பிடத்தக்கவை இவையே. ஆயின் முதலீட்டு அட்டவணைகளில் இவற்றுக்கு ஒரு வரியேனும் கிடைப்பது அரிது.

அட்டவணை கொண்டாடும் எண்கள்தாம் எவற்றை உணர்த்துகின்றன? ஒரு சாட்சியை நம்பி நூறு கோடி டொலர் கிடக்கிறது என்பதனால் அச்சாட்சிக்கு நூறு கோடி வருமானம் உண்டென்பது பெறப்படாது. நீதிமன்றிலே பெருஞ்சொத்து வழக்கிற் சாட்சி கூறியவன் அச்சொத்துக்கு உரியவனாகிவிடுவதில்லை. இரண்டாவதாக, சேவை வேறு, நாணயம் வேறு. செயின்லிங்க் நாணயத்தின் விலை 2021 மே மாதத்தில் 50 டொலரைக் கடந்தது. 2022 முடிவில் 6 டொலருக்கும் கீழே நின்றது. இவ்விடைக்காலத்தில் அதன் சேவை நின்றுவிடவில்லை. 2021 ஏப்ரலில் 20 டொலருக்கு மேல் விற்ற பாண்ட் நாணயம் 2022 முடிவில் 2 டொலரும் பெறவில்லை. வெவ்வேறு கோட்பாடுகளைக் கொண்ட திட்டங்களின் நாணயங்கள் ஒருசேர ஏறி ஒருசேர வீழ்ந்தன. அவற்றை ஏற்றியதும் வீழ்த்தியதும் சாட்சியின் தரமன்று. முழுச் சந்தையின் அலையே. அங்ஙனமாயின், தரத்தை ஒப்பிட்டு விலையை முன்னறியலாம் என்பது எத்துணைப் பேதைமை!

மூன்றாவதாக, நாணயத்தை அச்சிடுவோர் யார், கையிருப்பு எவரிடம் என்பதும் நோக்கற்பாலது. செயின்லிங்க் உருவாக்கிய 100 கோடி நாணயங்களுள் 35 வீதமே 2017 இல் விற்பனைக்கு வைக்கப்பட்டது. 30 வீதம் கம்பனிக்கும், 35 வீதம் சேவையாளருக்கான ஊக்குவிப்புக்கும் ஒதுக்கப்பட்டன. பைத்தின் 1000 கோடி நாணயங்களுள் 2023 நவம்பரில் புழக்கத்திற்கு வந்தவை 15 வீதமே. மிகுதி காலக்கிரமத்தில் வெளிவருவது. சந்தையிலே வாங்குபவன் எதிரே, விலையேதும் கொடாது பெற்ற கையிருப்புடன் மற்றொருவன் நிற்கிறான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கேட்கப்படவேண்டிய வினா வேறு. சாட்சி பிழைத்தால் இழப்பு எவர் தலையில் விழும்? வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. 2019 யூனில் சிந்தெற்றிக்ஸ் திட்டத்திலே கொரிய வொன்னின் விலை ஆயிரம் மடங்காகப் பிழைபட்டது. அதைப் பயன்படுத்திப் பெருந்தொகை ஈட்டியவர் வெகுமதி பெற்று மீளளிக்க இணங்கியமையாலேயே கேடு தவிர்ந்தது. 2020 நவம்பரில், ஒரு டொலர் பெறவேண்டிய டாய் நாணயம் ஒரு சந்தையிலே சிறிதுநேரம் 1.30 டொலராக உயர்ந்தது. கொம்பவுண்ட் என்னும் கடன் திட்டம் அதனை உண்மையெனக் கொண்டதால், ஏறத்தாழ 9 கோடி டொலர்ப் பெறுமதியான கடன்களின் ஈடுகள் பறிபோயின. 2021 செப்டெம்பரில் பைத், பிற்கொயினின் விலை 5,400 டொலரளவிற்கு வீழ்ந்ததாகச் சிறிதுநேரம் அறிவித்தது. அன்று சந்தை விலை 40,000 டொலருக்கு மேல். 2022 மேயில் லூனா நாணயம் சரிந்தபோது, செயின்லிங்க் தன் விலைக்கூற்றைப் பத்துச் சதத்தளவில் நிறுத்திக்கொண்டது. சந்தை விலை அதனினும் கீழே சென்றது. பழைய விலையையே நம்பிய வீனஸ் திட்டம் 1 கோடி டொலருக்கு மேல் இழந்தது. 2025 மார்ச்சில், உக்ரேனின் கனிய ஒப்பந்தம் பற்றி பொலிமார்க்கெற்றில் எழுந்த ஏறத்தாழ 70 இலட்சம் டொலர்ப் பந்தயம், ஒப்பந்தம் கைச்சாத்தாகாத நிலையிலேயே யூமா வாக்கெடுப்பினால் 'ஆம்' எனத் தீர்ந்தது. பெருந்தொகை நாணயம் வைத்திருந்த ஒருவரின் வாக்கே இதற்குக் காரணமென முறையீடு எழுந்தும் பணம் மீளக் கொடுக்கப்படவில்லை. போட்டியில் முன்னிற்பவர், பின்னிற்பவர் என்ற பேதம் இந்நிகழ்ச்சிகளில் இல்லை. இழந்தவன் பெரும்பாலும் கடைசியில் நின்ற பயனாளனே.

இதற்கு மாற்றுரைப்போரும் உளர். நாணயம் வெறும் சூதுப்பொருளன்று, சாட்சி கூறுவோன் அதனைப் பிணையாக வைக்கின்றான், பொய்த்தால் இழக்கின்றான், ஆதலின் விலையுயர்வே பாதுகாப்பு என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், முன்னணியில் நிற்கும் செயின்லிங்கிலேயே பிணைமுறை 2022 டிசெம்பரில்தான் தொடங்கிற்று. அதன் உச்சவரம்பு 2 கோடி 50 இலட்சம் நாணயங்கள், அதாவது மொத்தத்தில் 2.5 வீதம். பின்னர் அது 4.5 வீதமாயிற்று. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிணையின் பெறுமதி சந்தையோடு வீழும். சந்தை சரியும் நாளே உண்மைச் சாட்சி மிகவும் வேண்டப்படும் நாள். அந்நாளிலேயே பிணை மெலிந்துபோகின்றது. வெள்ளம் வரும்போது கரையும் அணையினால் யாது பயன்? 2025 ஆகஸ்டில் செயின்லிங்க், தன் வருமானத்தின் ஒரு பகுதியை நாணயமாக மாற்றிச் சேமிக்கும் நிதியொன்றை அறிவித்தது. சேவைக்கும் நாணயத்துக்கும் பாலம் அமைக்கும் முயற்சி என்ற வகையில் இது கவனிக்கத்தக்கதே. எனினும் பாலம் புதிதாக அமைக்கவேண்டியிருந்தது என்பதே, முன்பு அது எவ்வளவு நலிவுற்றிருந்தது என்பதற்குச் சான்றாகும். கம்பனியின் பங்காளனுக்குள்ள உரிமை நாணயம் வாங்கியவனுக்கு இன்றும் இல்லை.

ஆகவே, இத்திட்டங்களை ஒப்பிட விரும்புவோர் அட்டவணையை மாற்றி எழுதல் வேண்டும். தரவு எங்கிருந்து வருகின்றது? சாட்சிகள் உண்மையில் ஒருவரையொருவர் சாராதவரா, அன்றி ஒரே ஊற்றில் நீர் அள்ளுவோரா? விலை சடுதியாக வீழும்போது பொறி என்ன செய்யும்? விதியை மாற்றும் அதிகாரம் எவர் கையில்? பிழை நேர்ந்தால் ஈடுசெய்வது யார்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஒப்பீடே ஆய்வெனத் தகும். ஏனையவை ஆய்வின் உடையணிந்த விளம்பரங்கள். இலக்கங்களைக் கண்டு மயங்கித் தம் சிறுசேமிப்பை அவற்றில் இடுவோர் நாளை இழக்கும்போது, அட்டவணை எழுதியவர் எவரும் சாட்சிக்கூண்டில் ஏறப்போவதில்லை.